பட்டாவுக்குப் போகும் பணம்

விவசாயிக்கு அரசு தரும் பணம் இரண்டு வழியில் வந்து சேர்கிறது. ஒன்று வங்கிக் கணக்கில் விழும். விழுந்ததும் செல்போனில் குறுஞ்செய்தி வரும். மற்றது கண்ணில் படாது. யூரியா மூட்டையின் விலையிலும் பம்புசெட்டின் மின்கட்டணத்திலும் சத்தமில்லாமல் கழிந்துபோய்விடும். ஊரில் பேச்செல்லாம் முதல் வகையைப் பற்றித்தான். தொகையில் பெரியது என்னவோ இரண்டாவது வகை.

வடசென்னைக்கு மேலே, திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்தில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எண்ணூர் முகத்துவாரத்துக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவே, ஒருபுறம் கடலும் மறுபுறம் பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழியுமாக நீண்டு கிடக்கும் மணல்திட்டில் இருக்கிறது காட்டுப்பள்ளி. கழியைத் தாண்டி உள்ளே போனால் மீஞ்சூர், காட்டூர், தத்தைமஞ்சி பக்கம் நெல்வயல். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டம் பிரித்து நடுகிற பூமி அது. திட்டின் மேலே வலையும் ஃபைபர் படகும். உள்ளே ஏரும் ஏரிப்பாசனமும். ஒரே வட்டாட்சியர் அலுவலகத்தின் கீழ் வாழும் இந்த இரு தரப்பாருக்கும் அரசுப் பணம் வருகிறது. வருகிற வழி வேறு, கேட்கிற காகிதம் வேறு.

கண்ணில் படாத பணத்தை முதலில் பார்த்துவிடலாம். 45 கிலோ யூரியா மூட்டைக்கு விவசாயி கொடுப்பது 266 ரூபாய் 50 காசு. அதைத் தயாரித்தோ இறக்குமதி செய்தோ கடைக்குக் கொண்டுவர ஆகும் செலவு இதைப்போலப் பல மடங்கு. மிச்சத்தை மத்திய அரசு உர நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. 2018 முதல் நாடெங்கும் உரக்கடைக் கருவியில் விவசாயி ஆதாரைக் காட்டி, கைரேகை வைத்து மூட்டையை வாங்கிய பிறகுதான் நிறுவனத்துக்கு மானியம் போகிறது. ரேகை விவசாயியுடையது, பணம் கம்பெனிக்கு. அதிக மூட்டை வாங்குபவருக்கு அதிக மானியம் என்பதுதான் இதன் கணக்கு. அரை ஏக்கர்காரருக்கு அரை ஏக்கர் அளவுக்குத்தான்.

மின்சாரமும் இப்படியே. தமிழ்நாட்டில் சிறு விவசாயிகளின் பம்புசெட்டுக்கு 1984இல் கட்டணம் நீங்கியது. 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவசமானது. 2003இல் மீண்டும் கட்டணம் விதித்த அரசு, 2004 நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்த கையோடு அதை விலக்கிக்கொண்டது. அதன்பிறகு அந்தப் பேச்சை எந்தக் கட்சியும் எடுக்கவில்லை. 2025–26 வேளாண் நிதிநிலை அறிக்கையில் இலவச மின்சாரத்துக்காக மின்வாரியத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை 8,186 கோடி ரூபாய்.

ஆனால் பம்புசெட்டுக்குக் கீழே நல்ல தண்ணீர் இருக்க வேண்டும். மீஞ்சூர் வட்டாரத்தின் கதை அங்கேதான் மாறுகிறது. சென்னையின் தாகத்துக்காகவும் ஆலைகளுக்காகவும் ஆரணி, கொசஸ்தலை ஆற்றுப் படுகைகளில் 1960களின் பிற்பகுதியிலிருந்து கிணற்றுத் தொகுதிகள் அமைத்து இரவுபகலாக நீர் இறைத்தார்கள். நல்ல நீர் இறங்கிய இடத்துக்குக் கடல்நீர் ஏறியது. 1969 வாக்கில் கரையிலிருந்து 3 கிலோமீட்டர் அளவில் இருந்த உவர், 1980களில் 10 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இன்று மீஞ்சூர்ப் பக்கம் பல கிணறுகளின் நீர் பயிருக்கு ஆகாது. மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். இறைத்தால் வருவது உப்பு. இலவச மின்சாரத்தின் பயனைக் கணக்கிடுகிற யாரும் இந்த ஊர்களை ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது.

வங்கிக் கணக்கில் நேராக விழும் பணத்தில் பெயர் பெற்றது பி.எம். கிசான். 2019 பிப்ரவரி 1ஆம் தேதி இடைக்கால நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டு, அதே மாதம் 24ஆம் தேதி கோரக்பூரில் தொடங்கப்பட்ட திட்டம் இது. 2018 டிசம்பர் முதலே கணக்கு வைத்துப் பணம் தரப்பட்டது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒரு தவணையாக 2,000 ரூபாய் வீதம். முதலில் 2 ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் என்றிருந்தது. 2019 ஜூன் மாதம் அந்த வரம்பு நீங்கி, நிலம் உள்ள எல்லா விவசாயக் குடும்பங்களுக்கும் என்றானது. 21ஆவது தவணையைப் பிரதமர் 2025 நவம்பர் 19ஆம் தேதி கோயம்புத்தூரில் விடுவித்தார். நாடு முழுவதும் சுமார் 9 கோடிப் பேருக்கு ஏறக்குறைய 18,000 கோடி ரூபாய்.

வருமான வரி கட்டுபவர், அரசு ஊழியர், மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் ஓய்வூதியம் வாங்குபவர், தொழில் நடத்தும் மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், பட்டயக் கணக்கர், கட்டடக் கலைஞர், கோயில் போன்ற நிறுவன நில உடைமையாளர் எல்லாம் விலக்கு. கடைநிலை ஊழியர்களுக்கு மட்டும் இந்த விலக்கிலிருந்து விதிவிலக்கு உண்டு. நிலம் யார் பேரில் இருக்கிறது என்பதற்கு 2019 பிப்ரவரி 1 என்ற ஒரு நாளை வரம்பாக வைத்தார்கள். அதற்குப் பிறகு ஐந்து ஆண்டுகளுக்குள் நிலம் கைமாறியிருந்தால், வாரிசுரிமையில் வந்தாலொழிய புதியவருக்குத் தகுதி இல்லை. நிலத்தைக் கூறுபோட்டுப் பட்டாவைப் பெருக்கிப் பணம் வாங்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்த பூட்டு இது. பூட்டு நல்லதுதான். ஆனால் அசலாக அரை ஏக்கர் வாங்கி உழுதவரும் அதே பூட்டுக்கு வெளியே நின்றார்.

இதற்கெல்லாம் அடிப்படை பட்டா. கிராம நிர்வாக அலுவலர் பேசும் மொழியில் சொன்னால் மூன்று காகிதங்கள்: நிலம் யாருடையது என்று சொல்வது பட்டா, ஒருவர் பேரில் மொத்தம் எவ்வளவு நிலம் என்று சொல்வது சிட்டா, அதில் இந்தப் பட்டத்தில் என்ன பயிர் நிற்கிறது என்று சொல்வது அடங்கல். அறுவடைக்குப் பின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டையை ஏற்றும்போது அடங்கல் வேண்டும். அங்கே 2025–26 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய் மத்திய ஆதரவு விலையோடு மாநிலத்தின் ஊக்கத்தொகை 131 ரூபாயும் சேர்ந்து 2,500 ரூபாய். சன்ன ரகத்துக்கு 2,545. அடங்கல் பயிரைப் பார்க்கிறது. ஆகவே உழுதவர் எப்படியாவது அதைப் பெற்று நெல்லைப் போட்டுவிட முடிகிறது. பி.எம். கிசானோ பயிரைப் பார்ப்பதில்லை. நிலம் தரிசாகக் கிடந்து, உடையவர் அம்பத்தூரில் குடியிருந்தாலும் பட்டா அவர் பேரில் இருந்தால் 2,000 ரூபாய் அவருக்குத்தான். அந்த நிலத்தைக் குத்தகைக்கோ வாரத்துக்கோ எடுத்து நாற்று விட்டவருக்கு எதுவும் இல்லை.

குத்தகைதாரரைப் பதிவு செய்ய சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு வேளாண் நிலக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் 1969ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. பதிவு செய்தால் நாளை நிலத்தை விட்டுக் கிளம்பமாட்டார் என்ற பயம் உடையவருக்கு. பதிவு கேட்டால் அடுத்த ஆண்டு நிலமே கிடைக்காது என்ற பயம் உழுபவருக்கு. இரண்டு பயமும் சேர்ந்து குத்தகையை வாய்ப்பேச்சிலேயே வைத்திருக்கின்றன.

இது தவிர்க்கவே முடியாத சங்கடம் என்று சொல்லிவிட முடியாது. பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் வழியாகப் போனால் ஆந்திர எல்லை வந்துவிடும். அங்கே 2019இல் தொடங்கிய ரைத்து பரோசா திட்டத்தில் நிலமற்ற பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைக் குத்தகைதாரர்களுக்கும் ஆண்டுக்கு 13,500 ரூபாயை மாநில அரசே கொடுத்தது. ஒடிசா 2018 டிசம்பரில் அறிவித்த காலியா திட்டம் நிலமற்ற விவசாயத் தொழிலாளியையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. தெலங்கானா நேர் எதிர். 2018இல் வந்த ரைத்து பந்து ஏக்கருக்கு இவ்வளவு என்று கொடுத்தது, உச்சவரம்பு வைக்கவில்லை, குத்தகைதாரரைச் சேர்க்கவும் இல்லை. அமெரிக்காவில் விதியே வேறு. அங்கே விளைச்சலின் நட்டத்தைத் தாங்குபவருக்குத்தான் மானியம். பணக் குத்தகைக்கு நிலத்தைக் கொடுத்துவிட்ட உடையவருக்குச் சட்டப்படி பங்கில்லை. ஆனால் அவர் அடுத்த ஆண்டு குத்தகையை ஏற்றி அதில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்கிறார் என்பதும் அங்கே தெரிந்த கதை.

பட்டாவைக் கேட்கும் திட்டத்தில் பட்டாவே இல்லாமல் பணம் வாங்கிய கதை தமிழ்நாட்டில் 2020இல் வெளிவந்தது. கொரோனா முடக்கக் காலத்தில் விவசாயிகள் இணையத்தில் தாமாகவே பதிவு செய்துகொள்ளலாம் என்ற வசதி இருந்தது. அந்த விண்ணப்பங்களை ஏற்க வேளாண் துறை அலுவலர்களுக்குத் தரப்பட்டிருந்த கடவுச்சொற்கள் ஒப்பந்த ஊழியர்கள், தனியார் கணினி மையங்கள், தரகர்கள் கைக்குப் போயின. கொரோனா நிவாரணப் பணம் வருகிறது, ஆதாரும் வங்கிப் புத்தகமும் கொடுங்கள் என்று ஊர் ஊராக வாங்கிப் பதிவேற்றினார்கள். நிலம் என்று ஒரு சென்ட் இல்லாதவர்கள் கணக்கிலும் பணம் வந்தது. அதில் ஒரு பங்கு தரகருக்குப் போனது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை உள்ளிட்ட 13 மாவட்டங்களில் தகுதியற்ற 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கணக்கில் சுமார் 110 கோடி ரூபாய் போய்ச் சேர்ந்ததாக அரசு அறிவித்தது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, கைதுகள் நடந்தன, ஒப்பந்த ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள், அலுவலர்கள் பணியிடைநீக்கம் ஆனார்கள். பணம் அந்தந்த வங்கிக் கணக்குகளிலிருந்தே திரும்பப் பிடிக்கப்பட்டது. பிடிக்க முடிந்தது எளியவர் கணக்கில். தரகர் வாங்கிக்கொண்டது ரொக்கம்.

தமிழ்நாட்டில் மட்டும் நடந்ததாகவும் நினைக்க வேண்டாம். தகவல் உரிமைச் சட்டத்தில் பெற்ற விவரத்தின்படி, 2020 ஜூலை வரை நாடு முழுவதும் தகுதியற்ற 20.48 லட்சம் பேருக்கு 1,364 கோடி ரூபாய் போயிருந்தது. அவர்களில் பாதிக்கு மேல் வருமான வரி கட்டுபவர்கள்.

அதன்பிறகு வடிகட்டிகள் அடுக்கடுக்காக வந்தன. மின்னணு முறையில் அடையாளச் சரிபார்ப்பு, வங்கிக் கணக்கோடு ஆதார் இணைப்பு, நில ஆவண இணைப்பு, இப்போது விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண். ஒவ்வொரு வடிகட்டியிலும் போலிகளோடு அசல்களும் சிக்கிக்கொள்கின்றன. இ-சேவை மையத்தில் பெருவிரலை நாலு தரம் துடைத்து வைத்தாலும் கருவி ஏற்பதில்லை. நாற்றுப் பிடுங்கியும் மண்வெட்டி பிடித்தும் தேய்ந்த ரேகை. இதற்காகவே 2023இல் முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் வசதி செல்போன் செயலியில் சேர்க்கப்பட்டது. தாத்தா பேரிலேயே பட்டா நிற்கும் குடும்பங்களுக்கு எந்தச் செயலியாலும் பயனில்லை. வாரிசுச் சான்று, பாகப்பிரிவினை, பட்டா மாறுதல் என்று படி ஏறி இறங்கினால்தான் வழி.

இனி கழியைத் தாண்டிக் காட்டுப்பள்ளிக்கு வரலாம். இங்கே பட்டா பேசாது. மீனவருக்குக் கடலில் சர்வே எண் கிடையாது. பணம் கேட்பது வேறு காகிதங்களை: மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் என்ற பதிவு, மீன்வளத் துறை அடையாள அட்டை, படகின் பதிவு எண், குடும்ப அட்டை.

கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கக் காலம் என்பதால் 2001இல் 45 நாளாகத் தொடங்கிய தடை, 2017இல் 61 நாளானது. அந்த நாட்களுக்கான நிவாரணத்தை 8,000 ரூபாயாக உயர்த்தும் அறிவிப்பு 2023 ஆகஸ்ட் 18ஆம் தேதி மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் வந்தது. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்து மீன்பாடு குறையும் மாதங்களுக்கு 6,000 ரூபாய் தனி. இவற்றோடு சேமிப்பு நிவாரணம் என்று ஒன்று உண்டு. மீனவர் 1,500 ரூபாயைச் சிறுகச் சிறுகக் கட்டினால் மத்திய அரசு 1,500, மாநில அரசு 1,500 போட்டு 4,500 ரூபாயாகத் திருப்பித் தருகின்றன. மீனவப் பெண்களுக்கும் இதே போன்ற சேமிப்பு உண்டு. அதில் அரசுப் பங்கு 3,000 முழுவதும் மாநிலத்துடையது. எல்லாம் ஒழுங்காக வந்தால், கணவனும் மனைவியும் பதிவில் உள்ள ஒரு மீனவக் குடும்பத்துக்கு அரசுப் பணம் மட்டும் ஆண்டுக்கு 20,000 ரூபாய்.

உள்ளே நெல் வைத்திருக்கும் பட்டாதாரருக்கு 6,000, கரையில் 20,000 என்று ஒப்பிட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஒப்பீடு சரியில்லை. விவசாயிக்கு உரமும் மின்சாரமும் ஆதரவு விலையும் கண்ணில் படாமல் வந்துகொண்டிருக்கின்றன. மீனவர் பிடிக்கும் மீனுக்கு ஆதரவு விலை என்று ஒன்றில்லை. அதோடு தடைக்காலப் பணம் உதவியே அல்ல. தொழில் செய்யாதே என்று அரசு சொன்னதற்கான கூலி. அறுபத்தொரு நாளுக்கு 8,000 என்றால் நாளைக்கு 131 ரூபாய் சொச்சம்.

சங்கப் பதிவு இல்லாதவர் நிலைமை இங்கேயும் குத்தகைதாரர் நிலைமைதான். எண்ணூர், பழவேற்காடு கழிகளில் படகு, வலை எதுவும் இல்லாமல் இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. இறாலை ஓலைக்கூடையில் போட்டு, கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு நகர்வார்கள். படகு எண்ணைக் கேட்கும் படிவத்தில் அவர்கள் எழுத ஒன்றுமில்லை.

பேரிடர் வந்தால் இரு தரப்பாரும் ஒரே அரசாணையில் சேர்ந்துவிடுகிறார்கள். 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட பிறகு வந்த அறிவிப்பில், 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமான நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, செத்த பசுவுக்கும் எருமைக்கும் 37,500, முழுதாகச் சேதமான கட்டுமரத்துக்கு 50,000, வல்லத்துக்கு ஒரு லட்சம், வலைக்கு 15,000 என்று விலை போட்டிருந்தார்கள்.

அந்தப் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய்க் கழிவும் இறங்கியது. பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிக்குள் பரவி வலையிலும் படகிலும் அலையாத்திச் செடிகளிலும் கரியாக ஒட்டிக்கொண்டது. இதற்கு அரசு தனியாக 8 கோடியே 68 லட்சம் ரூபாய் அறிவித்தது: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500, 787 படகுகளுக்குத் தலா 10,000, பாதிக்கப்பட்ட மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. புயல் இயற்கை, எண்ணெய் மனிதர் செய்தது. பட்டியல் போட்டுப் பணம் கொடுக்கும் முறையில் மட்டும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

காட்டுப்பள்ளியின் தனிச் சிக்கல், எந்த மானியப் படிவத்திலும் இடமில்லாத ஒன்று. 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம், 2001இல் எண்ணூர்த் துறைமுகம், 2010இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, அதையடுத்து கப்பல் கட்டும் தளத்தோடு காட்டுப்பள்ளித் துறைமுகம் என்று அந்தத் திட்டு இருபது ஆண்டுகளுக்குள் தொழிற்பேட்டையாகிவிட்டது. காட்டுப்பள்ளிக் குப்பத்து மக்கள் கடற்கரையிலிருந்து இடம் மாற்றப்பட்டார்கள். 2018இல் அதானி குழுமம் வாங்கிய துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டங்கள் தள்ளிப்போயின. உள்ளேயோ, எண்ணூர்த் துறைமுகத்தையும் தச்சூரையும் இணைக்கும் சென்னை எல்லைச் சாலைக்காக வயல்கள் போயிருக்கின்றன.

நிலம் போனால் இழப்பீடு ஒரே முறை. அதோடு பட்டாவும் போகும், பட்டாவோடு ஆண்டுக்கு ஆண்டு வந்த பணமும் போகும். கடலோரம் போனால் இழப்பீட்டுக்கே வழக்காட வேண்டும், காரணம் கடற்கரை புறம்போக்கு. அங்கே தலைமுறையாகப் படகு ஏற்றி வலை காயவைத்ததற்குக் காகிதம் கிடையாது. பட்டாவைப் பார்த்து மட்டும் பணம் கொடுக்கும் முறை எங்கே உடையும் என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு இந்தத் திட்டைவிட நல்ல இடம் அமையாது.

ஒரு நல்ல அம்சத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1995 முதல் எந்தக் கவுண்டியில் எந்தப் பண்ணைக்கு எவ்வளவு மானியம் போனது என்பதை ஒரு தன்னார்வ அமைப்பு அரசு ஆவணங்களைக் கேட்டு வாங்கி இணையத்தில் போட்டது. பணக்காரப் பண்ணைகள் எவ்வளவு அள்ளுகின்றன என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தனிநபர் பெயரை வெளியிடுவது அந்தரங்கத்தை மீறுவதாக 2010இல் நீதிமன்றம் தடுத்தது. 2013இல் சிறு தொகை வாங்குவோரை விட்டுவிட்டு மற்றவர் பெயரை வெளியிட விதியைத் திருத்தினார்கள். இந்தியாவில் பி.எம். கிசான் இணையதளத்திலேயே பயனாளிகள் பட்டியல் இருக்கிறது. மாநிலம், மாவட்டம், வட்டம், ஒன்றியம், கிராமம் என்று ஐந்து கட்டங்களைத் தேர்ந்தெடுத்தால் ஊரில் யாருக்கெல்லாம் பணம் வருகிறது என்று பெயரோடு பார்க்கலாம். மீனவர் நிவாரணத்துக்கு இப்படி ஊர்வாரியாக யாரும் பார்க்கும் பட்டியல் வந்தால், விடுபட்ட இருளர் குடும்பமும் தன் பெயர் இல்லை என்பதைக் காட்டிக் கேட்க முடியும்.

பெயர் விடுபட்ட, தவணை நின்றுபோன விவசாயிகள் ஆதார், பட்டா, வங்கிப் புத்தகத்தோடு முதலில் போக வேண்டியது வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு. நில விவரத்தில் தவறென்றால் கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் திருத்த வேண்டும். பி.எம். கிசான் உதவி எண் 155261. தரகரிடம் ஆதாரைக் கொடுக்க வேண்டாம். பதிவுக்கு அரசு கட்டணம் வாங்குவதில்லை.